இமயத்தின் மேல் நான் போட்ட கோடு

நான் தவறாகக் கற்பித்தேன். தவறென்று தெரிந்த பின்பும் திருத்தவில்லை. சரியாகச் சொன்ன ஒரு பெண்ணை வகுப்பே சிரிக்கும்படி அவமானப்படுத்தினேன்... போதுமா? இல்லை, முழுதும் கேளுங்கள்.

மம்சாபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியனாக இருந்தேன். இந்து சமயமும் பௌத்தமும் பரவியதில் நிலத்துக்கு என்ன பங்கு என்பது பாடம். பருவக்காற்று நம் கடவுளரைக் கப்பலேற்றிக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோனதை அழகாகவே நடத்துவேன். பௌத்தம் சீனத்துக்குப் போனதற்கு மட்டும் வரைபடத்தில் ஒரே கோடு... கங்கைக் கரையிலிருந்து இமயத்தின் தலைமேல் நேராக! எனக்கு யாரோ அப்படிப் போட்டுக் காட்டினார்கள். நானும் வருடக்கணக்காகப் போட்டேன்.

தேர்வில் மாரீஸ்வரி மட்டும் வேறு மாதிரி வரைந்திருந்தாள். அவள் கோடு வடமேற்கே போய், கணவாயில் நுழைந்து, பாலைவனத்தின் ஓரமாகச் சுற்றிச் சீனத்துக்குப் போயிற்று. சிவப்பு மையால் அடித்தேன். தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அம்புட்டு ஒசர மலை மேல ஏறி யாரு சார் போவா? சுவத்துப் படத்துல மலை கொறைஞ்ச எடம் அதுதான? எங்கப்பா ராஜபாளையத்துல பேண்டேஜ் லோடு ஏத்திக்கிட்டு கேரளாவுக்குப் போறாவ. மலை எதுத்தாப்புலதான் நிக்கி. ஆனாலும் செங்கோட்டைக்குப் போயி கணவாய் வழியாத்தான் போவாவ."

என்னை எதிர்த்துப் பேசுவதா! "ஏட்டி, புத்தர் என்ன உங்கப்பன் லாரியிலயா போனாரு?" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் தாளை நான்காக மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அன்று மாலையே நூலகத்தில் நிலப்படப் புத்தகத்தைப் புரட்டினேன். பெருவழி அவள் போட்டதுதான்! மறுநாள் இரண்டு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாளை, நாளை என்றே ஆண்டு ஓடிவிட்டது.

ஆண்டுத் தேர்வில் அதே கேள்வி. மாரீஸ்வரி இமயத்தின் மேல் நேராகக் கோடு போட்டிருந்தாள்... அளவுகோல் வைத்து! ஐந்துக்கு ஐந்து போட்டேன். அந்தக் கை விளங்குமா?

அடுத்த ஆண்டிலிருந்து சரியாக நடத்தினேன், அவளைத் தவிர எல்லாருக்கும்.

இப்போது ஓய்வுபெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கிறேன். சமைப்பதும் ஒருவனுக்கு, பேசுவதும் ஒருவனோடு. மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். திறப்பதில்லை.

போன மாதம் ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். மாரீஸ்வரி! பேண்டேஜ் கம்பெனியில் வேலையாம். கையில் பிடித்திருந்த மகளிடம் சொன்னாள்: "எங்க சாரு. புத்த மதம் மலையத் தாண்டி எப்பிடிப் போச்சுன்னு இவியதான் சொல்லிக் குடுத்தாவ. நேரா ஒரு கோடு! இன்னும் மறக்கல சார்."

அவள் முகத்தில் கேலியைத் தேடினேன்... இல்லவே இல்லை. மரியாதைதான் இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தச் சிறுமி வேறு என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் நிறுத்தம் வருமுன்பே இறங்கி வெயிலில் நடந்தேன்.

இத்தனையும் உங்களிடம் சொல்ல முடிகிறது. அவளிடம் "நல்லாயிரும்மா" மட்டுந்தான் வந்தது.