பாம்புத் தொட்டியின் ஈரம்

போன வாரம் கேபிள் டிவியில் ஒரு வெள்ளைக்காரர் பாம்பு வளர்ப்பதைக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க, கடிகாரம் போல முள் வைத்த ஒரு கருவி. எனக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவேன். அஞ்சாவது வரைதான் படித்தேன் என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் யாரிடமும் தோற்க மாட்டேன்.

விருத்தாசலத்தில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு பாம்பு இருந்தது. மண்ணுளிப் பாம்பு, பரம சாது. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கிப் பீங்கான் கொட்டகையில் வேலை பார்த்தார். களிமண் வண்டியில் கிடந்த அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தவர் அவர்தான். சூளையில் விரிசல் விட்டு ஒதுக்கிய பெரிய பீங்கான் தொட்டியில் மணலைக் கொட்டி, மேலே கம்பி வலை போட்டுக் கூடத்து மூலையில் வைத்தார். வெளியாட்களைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிற நான், பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஆனி மாசக் காற்றில் அதன் தோல் சாம்பல் பூத்தது. கண் இரண்டும் வெளுத்துப்போயின. அந்த வெள்ளிக்கிழமை அக்காவைப் பெண் பார்க்கத் திட்டக்குடியிலிருந்து வருவதாக இருந்தார்கள். நிறைய நிலம் உள்ள இடம். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பொண்ணு பாக்க வர்ற வூட்டுல குருட்டுப் பாம்பா? வெள்ளிக்கெழமைக்குள்ள அது போவணும். கொண்டாந்தவனும் கூடவே கெளம்பட்டும்" என்றார்.

மாமா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தொட்டி இருக்கிற பக்கமே வராத அக்காதான், "கண்ணு தெளிஞ்சிட்டா இருக்கட்டும்ப்பா. பாவம், வாயில்லாத சீவன்" என்றாள்.

"மொதல்ல தெளியட்டும்."

அம்மா பொம்மைக் கொட்டகையில் வேலை செய்தாள். காற்றுப் பட்டால், சூளையில் வேகாத பச்சைப் பொம்மை வெடித்துவிடும் என்று நனைத்த சாக்கால் மூடிவைப்பாள். பாம்பும் மண்ணுக்குள் கிடக்கிறதுதானே என்று நானும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சாக்கால் மூடினேன். தொட்டி சேறானது. பாம்பு வலையில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. அடிவயிற்றில் கொப்புளம்.

"அடியேய், பாம்பு வளக்குறியா, நாத்து வுடுறியா?" என்று மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "எப்படியாச்சும் காப்பாத்துடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொம்மைக்குக் கை ஒட்டும்போது ஒட்டின இடத்தில் மட்டும்தான் அம்மா ஈரத்துணி சுற்றுவாள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சேற்றை வாரிக் கொட்டினேன். தொட்டியில் ஒரு பாதி காய்ந்த மணல். மறுபாதியில், பிடித்தால் உருண்டை நிற்கிற, கையில் ஒட்டாத ஈரம். அதன்மேல் பிழிந்த சாக்கு. எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொப்புளம் வாடியது. கண் மிளகு போலத் தெளிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சாக்கில் உரசி உரசி, வாயிலிருந்து வால் வரை கிழியாமல் சட்டையை உரித்துப் போட்டது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "செரி, பின்னால எங்கியாச்சும் கெடக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே ஒளிந்திருந்தேன். தலை நிறையப் பூவோடு நின்ற அக்கா என் காதில், "பாம்பு எப்பிடி பளபளன்னு இருக்குது! அவங்களும் பாக்கட்டும், போயி காட்டிட்டு வாடி" என்றாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. முதல்முறையாக அந்நியர் முன்னால் போய் நின்றேன், தோளில் பாம்போடு.

"அய்யோ, இது வூடா, பாம்புப் புத்தா?" மாப்பிள்ளையின் அம்மா போட்ட கேசரித் தட்டு உருண்டு நிற்பதற்குள் அவர்கள் தெருவில் இருந்தார்கள்.

அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பெல்லாம் குலுங்கியது. "அழாதக்கா, ஈரம் செரியாத்தான் வெச்சிருந்தேன்" என்று தேற்றினேன்.

ஆவணியில் அக்காவை மாமாவுக்கே கட்டிவைத்தார்கள். மாலையும் கழுத்துமாக இருந்த அக்காவிடம் போய், பாம்பு மேல் உனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் தொட்டிக்கு ஈரம் பார்ப்பது நான்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.