பதினாலு காரட் தாலி

சுப்பையா ஆசாரி போய்விட்டார். கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சுனாபட்டியில் அவர் வீட்டிலிருந்து மைத்துனன் வந்து, "அண்ணாச்சி, அத்தான் போயிட்டாவ" என்றான். தராசைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

தாராவிக்குப் பிழைக்க வந்த நம் எல்லோருக்கும் அவர் பட்டறை இருந்த சந்து தெரியும். நம் வீட்டுப் பெண்களின் கம்மல்களில் பாதி அவர் கைபட்டவை. பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்ட வருஷம்தான் என் கல்யாணம். தாலிக்குப் பொன் உருக்கும் நாளில், நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க, தங்கத்தோடு செம்பையும் சேர்த்துப் போட்டார். என் அம்மாவுக்குத் தாளவில்லை.

"தாலியிலயாவது செம்பக் கொறைக்கக் கூடாதா ஆசாரியாரே? கண்ண மூடிக்கிடுங்களேன்."

"நான் மூடிக்கிடுவேன் ஆத்தா. சோதன போட வாரவன் மூடுவானா? இந்தச் சட்டம் ஒழியட்டும், நானே வந்து மாத்தித் தாரேன்" என்றார். 

பிறகு, பழைய நகையை உருக்கிச் செய்தால் மாற்றுக் குறைக்க வேண்டாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"பழைய நக வச்சிருக்கவன் தாராவிக்கு எதுக்குவே வாரான்?"

அந்தத் தீபாவளியோடு பட்டறையை மூடிவிட்டு மில்லில் சேர்ந்தார். ஆனால் குறடு, ஊதுகுழல், சுத்தியல் ஒன்றையும் விற்கவில்லை. வீட்டில் உலை வைக்க வழியில்லாத நாளிலும் விற்கவில்லை. "சட்டம் மாறட்டும்வே, மறுநாளே பட்டறையத் தொறக்கேன்" என்பார். என்ன பிடிவாதம் இது என்று எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன்.

மில் இயந்திரம் அவர் வலது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. அடுத்த வருஷம் அந்தக் காரட் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள்! சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் நினைவில் இல்லை.

"ஆசாரியாரே, சட்டத்த டீலா பண்ணிட்டான், தளத்திட்டான்! இனி எந்தக் காரட்டுலயும் செய்யலாமாம்!"

அவர் கோபப்படவில்லை. வலது கையை விரித்து என் முன்னால் நீட்டினார்.

"சட்டத்தத் திருப்பி எடுத்துக்கிட்டான். சரி. இதத் திருப்பித் தருவானாவே?"

 கையை மடக்கிக்கொண்டு, "ஒம்ம வீட்டுத் தாலிய வேற ஆள வச்சு மாத்திக்கிடும்" என்றார். அதன் பிறகு பட்டறைப் பேச்சையே எடுக்கவில்லை. எப்போது போனாலும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருப்பார்.

என் மனைவியின் கழுத்தில் அந்தத் தாலி கறுத்துக் கிடக்கிறது. இன்று எந்தக் கடையிலும் மாற்றலாம், தடுக்க ஒருவருமில்லை. மாற்றித் தருகிறேன் என்று சொன்னவர்தான் இல்லை. அது கறுத்தபடியே இருக்கட்டும்.