"நல்லா இருக்கா" என்று என் வாயை மூடியபோது

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இந்தச் சாட்சியைக் கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மாத்திரைக்கான ஆராய்ச்சியில் சேரச் சொன்னார்கள். தமிழில் பொறுமையாக விளக்கினார்கள். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வைத்தியம் நிற்காது. ஆனால் சின்னத் தொந்தரவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார்கள். சம்மதித்துத்தான் சேர்ந்தேன்.

கொஞ்ச நாளில் வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. உள்ளங்கால் எரிந்து, ஆஸ்பத்திரிக்கு ரயில் பிடிக்க எங்கள் ஊர் திருத்தணி ஸ்டேஷன் படி ஏறும்போது அழுதுவிட்டேன். ஆனால் நர்ஸ் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்.

"நல்லா இருக்கா சிஸ்டர். ஸ்தோத்திரம்!"

நம் ஆட்களுக்கு இது வழக்கம். வலி என்று சொன்னால் அவிசுவாசமாம். சுகமானேன் என்று வாயால் அறிக்கை செய்ய வேண்டுமாம். சபையிலும் அதே கதைதான். நான் வாயெடுத்தால் அல்லேலூயா சொல்லி மூடிவிடுவார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

ஒருநாள் ரயிலிலேயே சண்டை போட்டேன். "வலிக்குதுன்னு ஏங்க சொல்ல விட மாட்டேன்றீங்க?"

"சொன்னா அந்த ஆராய்ச்சிலேர்ந்து உன்ன எடுத்துட்டாங்கன்னா? நீ போயிட்டா நான் என்னா பண்ணுவேன்? ஜெபம் பண்ணிகினு சும்மா வா."

அவர் பயம் புரிந்தது. எரிச்சல் அடங்கவில்லை. என்னைக் கொல்வது நோயா, மாத்திரையா என்றே தெரியவில்லை. அரக்கோணம் தாண்டியதும் ஜெபித்தேன். "ஆண்டவரே, சுகத்தை அப்புறம் தாரும். முதலில் என்னை யாராவது கேட்கட்டும்."

அன்று ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு நர்ஸ் இருந்தார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"ஐயா, நீங்க வெளிய உக்காருங்க. மாத்திரை சாப்புடறது அவங்க. அவங்க வாயாலதான் நான் கேக்கணும். இங்க அதான் முறை."

கதவைச் சாத்தினார். "சொல்லுங்கம்மா."

அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். டாக்டர் வந்து பார்த்தார். மாத்திரையை உடனே நிறுத்தினார்கள். புண் ஆறியபின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஆராய்ச்சியிலிருந்து யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை.

"இன்னும் மறைச்சிருந்தா உங்க உயிருக்கே ஆபத்தும்மா. உங்களுக்குப் பின்னாடி இதைச் சாப்பிடப்போறவங்களுக்கும்தான்" என்றார் டாக்டர்.

இப்போது சாப்பிட முடிகிறது. நோய் முழுதும் போகவில்லை. ஆனால் நான் கேட்டது கிடைத்தது. அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன்.

பிரியமானவர்களே, கர்த்தரை நம்புங்கள். நம்புகிறவர்கள் நடிக்க வேண்டாம். அவரிடமும் வேண்டாம், டாக்டரிடமும் வேண்டாம்.

போன ஞாயிறு பாஸ்டர் நலம் விசாரித்தார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு" என்றார்.

"கால் இன்னும் எரியுதுங்க ஐயா" என்றேன்.