வளைவில் விட்ட விரிசல்

ஒரகடத்தில் மின்சாரப் பேனல் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷம் குவாலிட்டி பார்த்தேன். அதற்கு முன்னால் ஸ்டீல் கியர் செய்யும் இடத்தில் ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது காய்ச்சிக் கெட்டியாக்கும் வேலை. எனக்குத் தெரியாத உலோகமா என்ற மிதப்பில் இருந்த காலத்தில் நடந்தது இது.

பேனலுக்குள் கரண்ட் போகச் செம்புப் பட்டை வைப்போம். பஸ்பார் என்று பெயர். அன்று புது லாட்டைப் பிரித்திருந்தோம். பெண்டிங் மெஷினில் முத்துக்கனி வளைத்த ஆறு பட்டைகளிலும் வளைவில் விரிசல். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பேனல் மாலையில் லாரி ஏற வேண்டும்.

மேனேஜர் வந்து பார்த்தார். "இன்னாம்மா, ஆறும் போச்சா? சார், மெமோ எழுதிடுங்க. இதுக்கு கன்ஃபர்மேஷன் வேற கேக்குதா?"

நான் யோசிக்கவே இல்லை. 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முத்துக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நகரவில்லை. "நான் எப்பவும் போலத்தான் சார் வளைச்சேன். பட்டதான் வெறப்பா இருக்கு. பத்தவைக்கிற பிரேசிங் டேபிள்ல சூடு பட்ட துண்டெல்லாம் எப்பிடி லேசா வளையுதுன்னு பாத்திருக்கேன். ஒண்ணக் காய்ச்சித் தண்ணியில போட்டுப் பாக்கட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னும் கெட்டியாயிடும்மா. கியரை அப்டித்தானே கெட்டியாக்குவோம்?"

"இது இரும்பு இல்லயே சார்."

புதுப் பட்டை ஒன்றில் வளைக்கும் இடத்தை கேஸ் டார்ச்சின் நெருப்பால் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, வாளித் தண்ணீரில் முக்கினாள். மெஷினில் வைத்து வளைத்தாள். லென்ஸ் வைத்துத் தேடினேன். ஒரு கீறல் இல்லை. அடுத்ததை நானே காய்ச்சி வளைத்தேன். அதுவும் அப்படியே.

ஓடிப் போய் லாட் சர்ட்டிஃபிகேட்டை எடுத்தேன். நாங்கள் கேட்டது சாஃப்ட். வந்திருந்தது ஹார்ட். அதைப் படிக்காமல் உள்ளே விட்ட கையெழுத்து என்னுடையது. வெட்கமாக இருந்தது.

மெமோவைக் கிழித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "இன்னா சார், உங்க பேரு கீது?" என்றார்.

"ஆமா சார். படிக்காம விட்டது நான்தான்."

மீதிப் பட்டைகளையும் காய்ச்சி வளைத்தோம்; பேனல் அன்று மாலையே போனது. மறுவாரம் முத்துக்கனிக்கு வேலை நிரந்தர ஆர்டர் வந்தது.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். வெள்ளீயம் கலந்து வெண்கலம் ஆக்கத் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே, மனிதர்கள் செம்பைக் கல்லால் தட்டி ஊசியும் கத்தியும் செய்திருக்கிறார்கள். தட்டத் தட்ட அது இறுகி வெடிக்கும். நெருப்பில் போட்டால் இளகி மறுபடி வளைந்து கொடுக்கும். யாரோ ஒருவர் கை முதலில் அதைக் கண்டுபிடித்திருக்கிறது. நல்லவேளை, முதல் விரிசல் விட்டபோது பக்கத்தில் என்னைப் போல ஒருவன் மெமோவோடு நிற்கவில்லை.