மூன்று நிமிடத்தில் சொல்லாமல் விட்ட ஜாக்கெட்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், பெங்களூரில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மொத்த விற்பனைக் கடையில் வேலை பார்த்தேன். ஓட்டல்காரர்களும் மளிகைக் கடைக்காரர்களும் வண்டியோடு வந்து சரக்கு எடுத்துப் போகும் இடம். எனக்கு மீனும் கோழியும் வைக்கும் குளிர் அறையில் வேலை. உள்ளே மைனஸ் இருபது இருக்கும். பதினொரு பேருக்கு மூன்று குளிர் ஜாக்கெட்தான். வெளியே வருகிறவர் கழற்றிக் கொடுப்பதை உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்ள வேண்டும். முந்தினவரின் வியர்வை ஈரம், உள்ளே போன சற்று நேரத்தில் முதுகில் பலகைபோல விறைத்துக்கொள்ளும்.

என் ஷிப்டில் நீலசந்திராவிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிட வயதில் சிறியவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். அவருக்கு அந்த ஈரத்தில் நெஞ்சு கெட்டுப்போனது. "காய்ந்த உடுப்பு இல்லாமல் இனி உள்ளே போகாதே, முடியாவிட்டால் வேலையை விட்டுவிடு" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் மேனேஜரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. "ஜாக்கெட் எல்லாம் ஹெட் ஆபீஸ் லிஸ்ட்டு. என் கையில ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. கம்பெனிக்குக் கடை இருக்கும் நாடுகளிலிருந்து தொழிலாளர் பிரதிநிதிகள் வருடம் ஒருமுறை ஹெட் ஆபீசில் கூடி, பெரிய அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசும் ஒரு கவுன்சில் உண்டாம். இந்த முறை இந்தியாவிலிருந்தும் ஒருவர் விருந்தாளியாக வரலாம், மூன்று நிமிடம் பேசலாம் என்று எழுதியிருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆனால் லிங்கராஜபுரத்தில் எங்கள் திருச்சபையின் ஆண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர், மைக் முன்னால் நின்று பழக்கம் உண்டு. எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள்.

"ஹெட் ஆபீசுக்கே போறீங்கண்ணா. அந்த ஜாக்கெட்ட மட்டும் கேட்டுட்டு வந்துருங்க" என்றார் நீலசந்திராக்காரர்.

"கேக்காம வருவனா?" என்றேன்.

பதினைந்து நாள் உபவாசமிருந்து ஜெபித்தேன். ஒரு முழுத்தாளில் இங்கிலீஷில் எழுதி, மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் வராது, இருந்தாலும் "நல்லா கணீர்னு இருக்கு" என்றாள்.

ஹெட் ஆபீசில் கூட்டம் நடந்த மண்டபத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெயர்ப்பலகை, ஒரு மைக். மைக்கின் கீழே ஒரு சின்ன விளக்கு. பச்சையில் பேச வேண்டும், சிவப்பு வந்தால் மைக் தானாக நின்றுவிடும். எனக்கு முன்னால் பேசிய வேறொரு நாட்டுக்காரர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எங்கள் கடையில் இரண்டு குறை" என்று ஆரம்பித்தார். என்ன மரியாதைகெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. சபையில் எப்படித் தொடங்குவோமோ அப்படியே தொடங்கினேன். முதலில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த ஆண்டவருக்கு நன்றி. பிறகு தலைவருக்கு, அழைத்த கமிட்டிக்கு, அனுப்பி வைத்த எங்கள் மேனேஜருக்கு, ஏர்போர்ட்டுக்கு வந்த டிரைவருக்கு, எங்கள் குடும்பங்களுக்கு அன்னம் போடும் கம்பெனிக்கு. ஒருவரை விட்டாலும் மனம் கோணும் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். "இப்போது எங்கள் பணிவான வேண்டுகோள்" என்று அடுத்த பாராவுக்கு வந்தபோது விளக்கு சிவந்தது. நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் அன்பாகக் கை தட்டினார்கள்.

சாப்பாட்டு வேளையில் தலைவரைத் தேடிப் போய்த் தாளை நீட்டினேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

ஒரு மாதம் கழித்து கூட்ட அறிக்கை வந்தது. இந்தியாவுக்கு ஒரே வரி: இந்திய விருந்தினர் கம்பெனிக்குத் தம் நன்றியைத் தெரிவித்தார். மேனேஜர் அதை வருகை பதியும் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்.

"இன்னாண்ணா, அம்மாந்தூரம் போயி தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டீங்களா?" என்றார் நீலசந்திராக்காரர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

திருத்தம் கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதினேன். விருந்தினர் எதைச் சொல்வதானாலும் அந்தந்த நாட்டு நிர்வாகம் வழியாகத்தான் வரவேண்டும் என்று பதில் வந்தது. மறுபடி மேனேஜரிடமே போனேன். "அங்க நன்றி சொல்றீங்க, இங்க குறை சொல்றீங்க. நான் எத எழுதி அனுப்பறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அன்று குளிர் அறைக் கதவை உதைத்தேன். பிறகு அதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மழைக்காலம் தொடங்கியதும் நீலசந்திராக்காரர் வேலையை விட்டார். லிங்கராஜபுரத்தில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

அடுத்த வருடம் ஐதராபாத் கடையில் பில் போடும் பெண்ணுக்கு அழைப்புப் போனது. போனில் என்னிடம் யோசனை கேட்டாள். "எடுத்தவுடனே ஜாக்கெட்ட சொல்லும்மா. நன்றிய செவப்பு லைட்டு வந்தப்புறம் சொல்லிக்க" என்றேன். "மரியாதையா இருக்காதே சார்" என்றாள். "இருக்காது. பரவால்ல, சொல்லு" என்றேன். அவள் சொன்னாள். ஐந்து மாதத்தில் ஆளுக்கொரு ஜாக்கெட் வந்தது.

புது ஜாக்கெட்டை மாட்டும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கேட்டால் கொடுக்கக்கூடியதைத்தான் கேட்காமல் வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அந்த அபார்ட்மெண்ட் வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பேன். நீலசந்திராக்காரர் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வெயில் காலத்திலும் கழுத்தில் மப்ளர்.

"என்னாண்ணா, எல்லாருக்கும் நன்றி சொல்லியாச்சா?" என்பார்.

"ஆச்சு" என்பேன். அவர் பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் போவேன்.