மாமா வாங்காத லேப்டாப்

லேப்டாப் வாங்க நாங்கள் நான்கு பேர் போனோம். எங்கள் ஊரில் உழவு மாடு பிடிக்கவே இரண்டு பேருக்கு மேல் போகமாட்டார்கள். அப்பாவுக்கு லேப்டாப் என்றால் என்னவென்று தெரியாது. எனக்கு அதற்கும் கீழே. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், மெட்ராஸ் பார்த்தே ஆகவேண்டும் என்று சோறு தின்னாமல் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டவள் நான். விஷயம் தெரிந்தவர்கள் அக்காவும் மாமாவும்தான். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வாலாஜாபாத்தில் நெல் மண்டி வைத்திருந்தார்.

அக்கா காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். உத்திரமேரூர் பஸ்ஸில் மூன்று வருஷம் நின்றுகொண்டே போய்ப் படித்த படிப்பு அது. அடுத்து எம்.சி.ஏ. படிக்கக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்திராத ஊர். சேரும்போதே கையில் லேப்டாப் இருக்கவேண்டும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். கடைசி வருஷம் பெங்களூர், மைசூர் என்று கம்பெனி கம்பெனியாக அலைய வேண்டியிருக்குமாம். அதனால் தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி கனம் குறைவாக இருக்கவேண்டும், ரயிலில் கரண்டு இல்லாமல் கொஞ்ச நேரமாவது ஓடவேண்டும், விலையும் நம் கைக்கு எட்டவேண்டும் என்று அக்கா வீட்டில் விளக்கினாள். மூன்றும் ஒன்றாக அமைவது மாப்பிள்ளை அமைகிற மாதிரிதான் என்று அப்பா தமாஷ் செய்தார். அக்கா சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அக்கா பெரியவளானபோது மாமா கொண்டுவந்த சீர்த் தட்டுகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன. அன்றையிலிருந்து ஊரில் யாரைக் கேட்டாலும், "அவளுக்கு இன்னா கவலை, மாமன் கீறான்" என்பதுதான் பேச்சு. அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. மாமாவைப் பிடிக்காமல் இல்லை, கட்டிக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை. அம்மாவிடம் இதை அழுதும் சொன்னாள், சாப்பிடாமல் கிடந்தும் சொன்னாள். அம்மா எதிர்த்துப் பேசவே மாட்டாள்.

"படி. யாரு வாணாம்னா? தம்பியே லேப்டாப் வாங்கித் தரேன்னு சொல்லிக்கினு கீறான். நல்லா படிச்சிட்டு வா, அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்பறம்' என்ன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் முறை மாமன் அவ்வளவு பெரிய சாமானை வாங்கிக் கொடுத்து, பெண் அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டால், வெற்றிலை பாக்கு மாற்றியதற்குச் சமம். பிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் கிடையாது. அக்கா அதனால்தான் அப்பா கொடுப்பதில் எது வருகிறதோ அது போதும், மாமா பணம் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இவ்வளவும் என் காதிலும் விழுந்தது. விழுந்தது வேறு, விளங்கியது வேறு. கொடுக்கிறவர் கொடுக்கும்போது வேண்டாம் என்கிறாளே, இவளுக்கு எவ்வளவு திமிர் என்றுதான் எனக்குப் பட்டது.

அப்பா ஒரு பக்கமும் பேசவில்லை. கடலை விற்ற பணத்தைத் துணிப்பையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் மாமா எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கஞ்சி மொடமொடப்போடு வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் எங்களுக்கு நாஷ்டா பொட்டலம். பத்தாவதோடு படிப்பை விட்டவர், அந்த ஒரு வாரத்தில் எங்கெங்கோ விசாரித்து ராம், ஹார்ட் டிஸ்க், பேட்டரி என்று எல்லாவற்றையும் நெல் ரகம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். தாம்பரம் வரும்வரை அப்பாவுக்குப் பாடம் நடந்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மாமா இடையிடையே அவள் பக்கம் திரும்பி, நான் சொன்னது சரிதானே என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். அவள் சரி என்றால் அவர் முகம் பார்க்க நன்றாக இருக்கும்.

கடைக்குள் ஏ.சி. போட்டிருந்தார்கள். எனக்கு அதுவே மெட்ராஸ் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரப் பையன் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு மாமாதான் பதில் சொன்னார்.

"கனமில்லாம காட்டுப்பா. பொண்ணு தனியா ரயில்ல தூக்கிக்கினு போவணும். தோளு வலிக்கக் கூடாது."

பையன் ஒன்றை எடுத்து வைத்தான். வெள்ளி நிறம், எங்கள் வீட்டு முறத்தைவிடச் சின்னது. காலையில் சார்ஜ் போட்டால் மத்தியானம்வரை ஓடும் என்றான். அக்கா ஒரு கையால் தூக்கினாள். திறந்து, நின்ற நிலையிலேயே ஏதோ தட்டினாள். எட்டிப் பார்த்தேன், அவள் பெயர் திரையில் வந்திருந்தது. அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு மெதுவாக மூடினாள். அவளுக்கு அது எவ்வளவு பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. சரி, வாங்கிவிடுவோம் என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது, இதைவிடக் குறைந்த விலையில் இருக்கிறதா என்று கேட்டாள். பையன் வேறு இரண்டு எடுத்து வைத்தான். அவளுக்கு அதுவும் அதிகம்.

"செகண்ட்ஸ் ஏதாச்சும் இருந்தா காட்டுங்க" என்றாள்.

உள்ளேயிருந்து ஒன்று வந்தது. ஏதோ கம்பெனியில் உபயோகித்துக் கழித்துவிட்டதாம். கறுப்பு, தடிமன், மூடியில் ஸ்டிக்கர் கிழித்த பிசுக்கு. ஓரத்தில் ஒரு பட்டன் ஆடியது. சார்ஜர் மட்டுமே செங்கல் அளவுக்கு இருந்தது. பேட்டரி எப்படி என்று அக்கா கேட்டாள். பிளக்கில் சொருகித்தான் ஓட்டவேண்டும் என்று பையன் கூச்சத்தோடு சொன்னான்.

மாமா பதறிப்போனார். "இத்த இன்னாத்துக்கு எடுக்கிற? இந்தக் கனத்தத் தூக்கிக்கினு கோயம்புத்தூர் போவியா நீ?"

"போவேன் மாமா."

"துட்டப் பாக்கறியா? அதெல்லாம் நான் பாத்துக்கறேன்." மாமா சட்டையின் உள்பையிலிருந்து பணக்கட்டை எடுத்து வெள்ளி நிற லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தார். "தம்பி, இதுக்கு பில் போடுப்பா."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்குமுன் அவளிடம் பார்த்ததில்லை. கிணற்றில் தவறி விழுந்த ஆட்டுக்குட்டி மேலே எட்டிப்பார்க்கிறவர்களைப் பார்க்குமே, அப்படி.

அப்பா அதுவரை கண்ணாடிக் கதவைத் திறந்து மூடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல வந்து, வெள்ளியை ஒரு கையிலும் கறுப்பை ஒரு கையிலும் தூக்கி ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது கனமா கீது" என்று கறுப்பைக் காட்டினார். "கனமா கீறதுதான் உழைக்கும்."

கடைக்காரப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மாமாவும் சிரித்துவிட்டார். "மாமா, இது இன்னா கிணத்து மோட்டாரா?" அக்கா புருஷன் என்கிற முறையில் அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"கரண்டுல ஓடறது எல்லாம் ஒன்னுதான். லேசா கீற மோட்டாருல செம்பு இருக்காது, ரெண்டு மாசத்துல காயில் எரிஞ்சி பூடும். நான் எத்தினி மோட்டார் பாத்தவன்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெரிய கடையில் வந்து இப்படிப் பட்டிக்காட்டுத்தனமாகப் பேசுகிறாரே என்று அவர் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா விடவில்லை. மாமா நிதானமாக விளக்கினார், பையன் விளக்கினான். அப்பா காதில் எதுவும் ஏறவில்லை. செம்பு, காயில், கனம் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டு இடுப்பிலிருந்து துணிப்பையை உருவி அவிழ்த்தார். அப்பா அவ்வளவு விவரம் கெட்டவர் இல்லை என்பது எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. மச்சானின் முகத்துக்கு நேராக உன் பணம் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. தான் முட்டாளாவது ஒன்றுதான் அவர் கையில் இருந்த வழி.

மாமாவுக்கு அது கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. அப்பாவைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பணக்கட்டை எடுத்து உள்பையில் வைத்தார். அந்தப் பையின் பட்டனைப் போட அவருக்கு நேரம் பிடித்தது.

பில் போட்டு முடிந்ததும், சுவரில் தொங்கிய பைகளை மாமா பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நீலப் பையை இறக்கி ஜிப்பைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். நல்ல மெத்தென்ற பை. "பையாச்சும் நான் வாங்கித் தரட்டா?" என்று கேட்டார். கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசும் அவர் குரல் அப்போது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பை கீது மாமா" என்றாள் அக்கா. "காலேஜுக்கு எடுத்துக்கினு போன பை வூட்ல கீது."

அந்தப் பையின் வார் அறுந்து அம்மா சாக்கு ஊசியால் தைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அக்காவைக் கிள்ளிவிட்டேன். அவள் கையை விலக்கக்கூட இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா லேப்டாப்பைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். பழசாக இருந்தாலும் மேடு பள்ளத்தில் அடிபடக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரகடம் தாண்டியதும் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குப் பிரியம் பொங்கியது. அவர் என்ன தப்பு செய்தார்? அக்காவும் ஒரு தப்பும் செய்யவில்லை.

வாலாஜாபாத்தில் இறங்கி உத்திரமேரூர் பஸ்ஸுக்கு மாறவேண்டும். மாமாவும் எங்களோடு வீட்டுக்கு வருவதாகத்தான் பேச்சு. அவருக்காக அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். பஸ் கிளம்பும் நேரத்தில் அவர் லேப்டாப்பை அக்காவிடம் நீட்டினார்.

"பத்திரமா எடுத்துக்கினு போ. மண்டில லோடு வருது. நான் வரல."

அப்பா அவர் தோளைத் தொட்டார். "உங்கக்கா உனுக்காக ஆக்கி வெச்சிக்கினு கீறாடா மச்சான்."

"இன்னொரு நாளு வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு மாமா நடந்தார். மண்டி இருப்பது கடைத்தெருப் பக்கம். அவர் ஆற்றுப் பக்கமாகப் போனார். வழியை மறந்துவிட்டாரா என்று நான் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன்.

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. அம்மாவுக்குப் பொங்கல் சீர் வருவது நின்றது. அடுத்த வருஷம் மாமாவுக்கு எங்கோ பெண் பார்த்து முடித்தார்கள்; பத்திரிகையை யார் கையிலோ கொடுத்தனுப்பினார்கள். நான் பெரியவளானபோது மாமா வராமல், தூரத்து உறவில் மாமன் முறையான ஒருவரைப் பிடித்துச் சடங்குக் குடிசைக்கு ஓலை கட்ட வைத்தார்கள். அம்மா அன்று முழுக்க அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. அக்கா அந்தக் கறுப்புக் கனத்தைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனாள், படித்தாள், வேலைக்கும் போனாள். ஜெயித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் ஒருநாளும் அவள் அதைச் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

லேப்டாப் வாங்கிய அன்று வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். தலைவாரிப் பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். கையில் தாம்பாளம், அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி. எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"தம்பி எங்க?"

"மண்டில வேலையாம்" என்று சொல்லிவிட்டு அப்பா கால் கழுவப் போனார்.

அம்மா அக்காவின் கையிலிருந்ததைப் பார்த்தாள். யார் பணம் என்று கேட்டாள். அப்பா கொடுத்தார் என்று அக்கா சொன்னாள். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் வாழைமரத்தடியில் கொட்டிவிட்டு வந்து, எங்களுக்குச் சோறு போட்டாள். கோழிக் குழம்பை அக்காவும் தொடவில்லை, அம்மாவும் தொடவில்லை. பழைய சாமானுக்கு ஆரத்தி எடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மாமாவின் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.