டிரம்பெட்டோடு மல்லுக்கட்டிய சொர்ணம்மா

போன வாரம் ஓசூரில் ஒரு பெரிய ஓட்டலில் கல்யாண வரவேற்பு. மேடையில் ஒரு பெண் மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு ரகசியம் பேசுகிற மாதிரி பாடினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இதுதான் சார் ஜாஸ்" என்று எனக்குப் பாடம் நடத்தினார். அடடா, எங்கள் ஊர் ஜாஸை அவர் கேட்டதில்லை, பாவம்.

ஐம்பதுகளில் நான் ஓசூர் மைக்செட் கடை ஒன்றில் இசைத்தட்டு போடுகிற வேலையில் இருந்தேன். ஊரார் காதைக் கிழிப்பதற்குச் சம்பளம். அப்போது நாடகத்தில் ராணி வேஷம் கட்டிப் பாடியவர் சொர்ணம்மா. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். அதனால் எங்கள் முதலாளிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. டூரிங் டாக்கீஸ் வந்து நாடகத்துக்குக் கூட்டம் குறைந்துகொண்டிருந்த காலம் அது. "தட்டுல என் பாட்டு வந்துட்டா பொழைச்சுக்குவேன். இல்லேன்னா பாகலூர் போயி களை வெட்டத்தான்" என்பார் சொர்ணம்மா.

வந்தது யோகம். பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட்டில், ஓட்டல் பாண்டுக்காரர்கள் அவரை இசைத்தட்டுக்கு ஜாஸ் பாடக் கூப்பிட்டார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டு.

நம் நாடக மேடையில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவரும் ஆர்மோனியக்காரரும் போட்டியில் இறங்குவார்கள். மூச்சு வாங்கி நிறுத்தியவர் தோற்றார். ஜாஸிலோ, டிரம்பெட்காரர் தனியாக ஊதும்போது பாடகி மரியாதையாக ஒதுங்கி நிற்க வேண்டுமாம். சொர்ணம்மாவா ஒதுங்குவார்? "என் மூஞ்சிக்கு நேரா ஊதறான், நான் வாயப் பொத்திக்கினு நிக்கணுமா?" என்று பாய்ந்துவிட்டார். அவன் ஏற, இவர் ஏற, மூன்று நிமிடத்தில் தட்டு நிறைந்து சண்டை பாதியில் நின்றது. பாண்டு மாஸ்டர் அதைப் புதுப் பாணி என்று நினைத்து அப்படியே வெளியிட்டார். மேதைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

தேர்த் திருவிழாவில் நான்தான் அந்தத் தட்டைப் போட்டேன். கூட்டம் வாய் பிளந்து கேட்டது. பாட்டு பாதியில் நின்றதும், "யாருப்பா கெலிச்சது?" என்று ஒருவர் கத்தினார். அதையே தெலுங்கில் ஒருவரும் கன்னடத்தில் ஒருவரும் கேட்டார்கள். தட்டைத் திருப்பிப் போட்டேன். அதில் தாலாட்டு. "ஏமாத்தறான்டா!" என்று ஒரு கல் வந்து ஒலிபெருக்கியில் விழுந்தது.

முன்வரிசையில் இருந்த சொர்ணம்மாவின் முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. திடீரென்று அவர் எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். "மிச்சத்த நானே பாடறேன், கேளுங்க!" மைக்கைத் தொடாமலே பாடி முடித்தார். எதிராளி பெங்களூரில் இருந்ததால், அவரே ஜெயித்ததாக ஊர் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது.

அதற்குப் பிறகு அஞ்செட்டியானாலும் சிங்காரப்பேட்டையானாலும் தட்டு வைத்தால் கூடவே சொர்ணம்மாவையும் கூப்பிட வேண்டும். பாதியைத் தட்டு பாடும், மீதியை அவர் பாடுவார். பாதிப் பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? தட்டு விற்கவில்லை, கம்பெனியும் மறுபடி அழைக்கவில்லை. ஆனால் அவர் கடைசிவரை களை வெட்டப் போகவில்லை.

இப்போது பழைய தட்டுகளைச் சேகரிக்கிறவர்கள், அந்தப் பாட்டு சட்டென்று நிற்பதுதான் அதன் மேதைமை என்று கட்டுரை எழுதுகிறார்கள். எழுதட்டும். சொர்ணம்மா போய்விட்டார். மீதியைக் கேட்டவர்களில் நான் ஒருவன்தான் பாக்கி. எனக்கோ பாட வராது.